ஒன்பது விதிகளும் ஓர் அழிரப்பரும்

"தப்பு பண்ணாத்தான் கத்துக்க முடியும்." கம்ப்யூட்டர் ரிப்பேர் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். வீட்டில் கிடந்த பழைய பிசியைக் கழற்றிப் போட்டு, எதையோ புகையவிட்டு, அப்புறம்தான் தொழில் பிடிபட்டது என்று சொல்லாத ஹார்டுவேர் ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் நெடுநாளாகச் சந்தேகம். தப்பு எல்லாருக்கும் நடக்கிறது. பாடம் சிலருக்குத்தான் கிடைக்கிறது. ஒரே தப்பைப் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டு, அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இந்தச் சந்தேகத்தோடுதான் டேவிட் அகன்ஸின் 'டிபக்கிங்' புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். 2002-இல் வந்த சின்னப் புத்தகம். மென்பொருள், ஹார்டுவேர் இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது விதிகள். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒன்பதையும் ஒரே பக்கத்தில், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிற மாதிரி கொடுத்துவிடுகிறார். பிறகு விதிக்கு ஓர் அத்தியாயம், ஒவ்வொன்றிலும் அவருடைய வேலை அனுபவத்திலிருந்து போர்க்களக் கதைகள். என் வார்த்தைகளில் சொன்னால்: அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள், பழுதை உன் கண்முன் வரவழை, ஊகிப்பதை விட்டுவிட்டுப் போய்ப் பார், பாதி பாதியாகப் பிரித்துத் தேடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, செய்ததையெல்லாம் எழுதி வை, பிளக் மாட்டியிருக்கிறதா பார், வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டு, நீ சரி செய்யாவிட்டால் அது சரியாகவில்லை.

படித்தால் "அட, இதுல என்ன இருக்கு, எல்லாம் தெரிஞ்சதுதானே" என்று தோன்றும். அதுதான் புத்தகத்தின் பலம். தெரிந்த விஷயத்தை நெருக்கடியில் யாரும் செய்வதில்லை என்பது அகன்ஸுக்கும் தெரியும். என் கேள்வி வேறு. இந்த விதிகள் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. அங்கே ஸ்கோப் இருக்கும், உதிரி பாகம் இருக்கும், அதே மாதிரி இன்னொரு போர்டு இருக்கும், கெட்டுப்போனால் கம்பெனி கணக்கு. வீட்டு மேஜையில் ஒரே ஒரு பிசி, ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர், உள்ளே பத்து வருடத்துப் போட்டோக்கள். அங்கே இந்த ஒன்பதும் எப்படி நிற்கின்றன?

முதலில், நன்றாக நிற்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊகிக்காதே, பார் என்பது. இதை மீறுவதில் நம் ஆட்கள் சூரர்கள். பிசி திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்" என்று பார்க்காமலே தீர்ப்பு வரும். கொஞ்சம் விவரமானவர் விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறப்பார். அங்கே சிவப்பாக ஒரு வரி: கெர்னல்-பவர், எண் 41. "பாத்தீங்களா, பவர்னு அவனே சொல்லிட்டான்!" போய்ப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி வருவார். ஆனால் அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன தடவை மெஷின் முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 வரும், தெருவில் கரண்ட் போனாலும் வரும், ரேம் கோளாறில் நீலத் திரை வந்து விழுந்தாலும் வரும். செத்தவர் மூச்சு விடவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பது போல. பார்ப்பது மட்டும் போதாது, பார்க்கிற பொருள் என்ன சொல்லக்கூடியது, என்ன சொல்ல முடியாதது என்றும் தெரிய வேண்டும். அகன்ஸின் முதல் விதியும் மூன்றாம் விதியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவர் அவற்றைத் தனித்தனியாக வைத்திருப்பது எழுதுகிற வசதிக்காக.

எஸ்எம்பிஎஸ் பேச்சு வந்ததால் இன்னொன்று. 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைப்பார்கள். ஃபேன் சுற்றும். "சப்ளை ஓகே" என்பார்கள். சுமையே இல்லாத நிலையில் ஃபேன் சுற்றியது என்பதைத் தவிர அதில் வேறு தகவல் இல்லை. 12 வோல்ட் லைன் 5 சதவீத எல்லைக்குள் நிற்கிறதா என்பதைக் கேம் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சுற்றாவிட்டால் அந்தச் சோதனை நிறையச் சொல்கிறது. சுற்றினால் கொஞ்சம்தான் சொல்கிறது. பிளக் பார்க்கும் விதிக்கு இப்படி ஓர் அடிக்குறிப்பு தேவை.

இப்போது ரப்பருக்கு வருகிறேன்.

பிசி ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. நம் ஊரில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டுவது. பெரும்பாலும் வேலை செய்கிறது. நானே பல தடவை பார்த்திருக்கிறேன். வேலை செய்ததால் கிடைத்த பாடம்: ரப்பர் சரி செய்யும்.

கவனித்துப் பாருங்கள். செய்தவர் "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று" என்ற விதியை மீறவே இல்லை. ரேமைத்தான் தொட்டார், வேறெதையும் தொடவில்லை. ஆனால் அந்த ஒரு செயலுக்குள் எத்தனை மாற்றம்? மெயின் ஸ்விட்சை அணைத்ததில் போர்டில் மிச்சமிருந்த மின்சாரம் வடிந்தது. மெஷின் ஆறியது. ரேமை உருவிச் செருகியதில் ஸ்லாட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங் முனைகள் பற்களின் மேல் உரசி அழுக்கை ஒதுக்கின. சரியாக உட்காராமல் இருந்த ரேம், இந்த முறை இரண்டு பக்கமும் 'டக்' என்று உட்கார்ந்தது. இரண்டு ஸ்டிக் இருந்தால் இடம்கூட மாறியிருக்கலாம். கடைசியாக, ரப்பர். இதில் எது வேலை செய்தது? தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: முதலில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் தொடாமல் போட்டுப் பாருங்கள். அப்புறம் கழற்றி, தேய்க்காமல் அப்படியே மாட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் மட்டும் ரப்பர். நான் பார்த்தவரை ரப்பர் வரைக்கும் போக வேண்டியதே அபூர்வம். அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கக் குறையும், துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழும். அதாவது இந்த வைத்தியம் அடுத்த நோய்க்கு வழி செய்கிறது. அது வரும்போது அதே வைத்தியம் இன்னும் அழுத்தமாகச் செய்யப்படும்.

அகன்ஸின் விதியில் இங்கேதான் ஓட்டை. 'ஒன்று' என்பது எது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று அந்த விதி எடுத்துக்கொள்கிறது. நான் எழுதுகிற நிரலில் ஒரு வரியை மாற்றினால் அது ஒரு மாற்றம்தான், சந்தேகமில்லை. கையால் தொடுகிற பொருளில் அப்படி இல்லை. ஒரு செயல், ஒரு மாற்றம் ஆகாது.

அடுத்தது இன்னும் தீவிரமானது. பழுதை மறுபடி வரவழைத்துப் பார் என்கிற விதி. மென்பொருளில் இது தங்க விதி. அழைத்தால் வராத பிழையைப் பிடிக்க முடியாது, பிடித்தோமா என்று உறுதி செய்யவும் முடியாது. ஆனால் பழுது ஹார்ட் டிஸ்கில் இருந்தால்?

என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நடந்தது. டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது, சில ஃபோல்டர்களைத் திறந்தால் உறைந்து நிற்கும். அவர் நல்ல டெவலப்பர். டெவலப்பர் செய்வதைத்தான் செய்தார். எந்த ஃபோல்டரில் உறைகிறது என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். ஒரு பேட்டர்ன் கிடைத்தது. பிறகு செக்-டிஸ்கை முழு ஸ்கேன் போட்டு ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போனார். காலையில் டிஸ்க் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. பயாஸிலேயே தெரியவில்லை. அவருடைய அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசி நான்கு வருடப் படங்களும் அந்த டிஸ்கில்தான். டேட்டா ரெகவரி ஆட்கள் திறந்து பார்த்து, தட்டில் கீறல் விழுந்துவிட்டது, முடியாது என்றார்கள்.

அவர் செய்த ஒவ்வொன்றும் சுவரில் மாட்டிய பக்கத்தின்படி சரி. வரவழைத்தார், பார்த்தார், பாதி பாதியாகப் பிரித்தார். சாகிற டிஸ்கில் ஒவ்வொரு படிப்பும் ஒரு செலவு. ஹெட் எத்தனை தடவை அந்த இடத்துக்குப் போய் முட்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அது நமக்குத் தெரியாது. இங்கே முதல் வேலை காரணம் தேடுவது இல்லை, நகல் எடுப்பது. மெஷினை அணைத்து, அந்த டிஸ்கை வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டி, அதே அளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு டிஸ்குக்கு டிடிரெஸ்க்யூ போல ஒன்றை ஓட்ட வேண்டும். அது சுலபமாகப் படிக்கிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியில் வரும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பும் வைத்துக்கொள்ளும். ஆராய்ச்சியெல்லாம் அந்த நகலில். டிஸ்க் ஏற்கெனவே 'டிக்' என்று அடிக்கத் தொடங்கியிருந்தால் இதுவும் வேண்டாம், அணைத்துவிட்டு ரெகவரி ஆட்களிடம் போவதே மேல்.

2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க், அது வராத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் உண்டு: செத்த டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் (வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால்) காட்டவே இல்லை. எச்சரிக்கை வந்தால் நம்பு, வராததை நம்பாதே. இந்த இரண்டு எண்களைத் தெரிந்தவர் செக்-டிஸ்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகமாட்டார்.

அகன்ஸுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. கெடுதல் செய்கிற பழுதைத் திரும்ப வரவழைப்பது முட்டாள்தனம் என்று எந்த எஞ்சினியருக்கும் தெரியும். ஆனால் விதியாகச் சுருங்கும்போது நிபந்தனை உதிர்ந்துபோகிறது. சுவரில் மாட்டுவதற்கென்றே ஒரு பக்கம் தயாரித்தவர், சுவரில் நிற்கும்போது எது உதிரும் என்றும் யோசித்திருக்க வேண்டும். புத்தகத்தின் மேல் என்னுடைய முதன்மையான புகார் இது.

சரி, ஆரம்பத்தில் கேட்டதற்கு வருவோம். தப்பு ஏன் பாடமாக மாறுவதில்லை?

மனிதப் பிழைகளைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், வழுக்கல் வேறு, தவறு வேறு என்று பிரிப்பார். எண்ணம் சரி, கை பிசகியது என்றால் வழுக்கல். கை சரி, எண்ணமே பிசகு என்றால் தவறு. கம்ப்யூட்டர் கேஸுக்குள் வழுக்கல் நல்ல ஆசிரியர். ரேம் மாட்டும்போது கைபட்டு சாட்டா கேபிள் கழன்றுவிட்டால், அடுத்த நிமிடமே பூட் டிவைஸ் இல்லை என்று திரை சொல்லும். ஒரு தடவை பட்டவர் அடுத்த தடவை மூடுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பார். தப்பு பண்ணித்தான் கத்துக்கணும் என்கிற ஆட்கள் நினைவில் வைத்திருப்பது எல்லாமே இந்த ரகம்.

தவறு அப்படி இல்லை. அது உடனே தண்டிக்காது. சில நேரம் பரிசுகூடக் கொடுக்கும். இதற்கு ஃபார்மட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. படிக்க முடியாத ஒரு செக்டாரை டிஸ்க் 'நிலுவையில்' என்று குறித்து வைக்கும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதினால்தான் முடிவெடுக்கும். எழுத முடியாவிட்டால் உதிரி செக்டாருக்கு இடம் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அதனால் சாகப் போகிற டிஸ்கை முழு ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால் மெஷின் புதுசு போல ஓடும். இரண்டு வாரம், ஒரு மாதம். கடைக்காரருக்குக் காசு, வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், "வைரஸ் சார்" என்று ஒரு விளக்கம். ஒரு மாதம் கழித்து டிஸ்க் போனால் அது தனிச் சம்பவம், டிஸ்குக்கு வயசாகிவிட்டது. இரண்டையும் இணைக்க யாரிடமும் குறிப்பு இல்லை. சாட்சியமும் ஃபார்மட்டோடு போயிற்று.

எழுதி வை என்கிற விதியின் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. அகன்ஸ் அதை இன்றைய வேட்டைக்கான குறிப்பாகப் பார்க்கிறார். வீட்டில் அதன் பயன் ஒரு மாதம் கழித்து. தேதி, என்ன நடந்தது, என்ன செய்தேன், பிறகு என்ன ஆனது. கேஸின் உட்புறக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினாலே போதும். ஃப்ரன்ட் பேனல் ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுப்பதும் இதே கணக்கில் சேரும்.

'போய்டுச்சு' என்பதும் இதைச் சேர்ந்ததுதான். "ஒரு தடவை ப்ளூ ஸ்கிரீன் வந்துச்சு, அப்புறம் வரலை, போய்டுச்சு." இதற்கு அகன்ஸின் ஒன்பதாம் விதி பதில். அது வெறும் எஞ்சினியர் பிடிவாதம் இல்லை என்பதற்கு ஆதாரம் புத்தகம் வந்த பிறகு கிடைத்தது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மூவர் பத்து லட்சம் சாதாரணப் பிசிக்களின் ஹார்டுவேர் பழுதுகளை ஆராய்ந்தார்கள். எட்டு மாதத்தில் மொத்தம் 30 நாளாவது ஓடிய மெஷின்களில், பிராசஸர் சார்ந்த பழுதால் கிராஷ் ஆகும் வாய்ப்பு 190-இல் ஒன்று. ஒரு தடவை கிராஷ் ஆன மெஷின் இன்னொரு தடவையும் ஆகும் வாய்ப்பு 3.3-இல் ஒன்று! ஹார்டுவேர் பழுது எல்லாமே ஏதோ அண்டக் கதிர் வந்து தட்டிவிட்டுப் போகிற விபத்து அல்ல, கணிசமான பகுதி திரும்பி வருகிற ரகம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். ரேமுக்கும் இதே கதை. கூகுளும் டொரண்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் வருடத்துக்குச் சுமார் 8 சதவீத ரேம் ஸ்டிக்குகளில் திருத்தக்கூடிய பிழைகள் வந்தன. அங்கே திருத்துவதற்கு இசிசி இருந்தது. நம் வீட்டு ரேமில் பெரும்பாலும் அது கிடையாது, வந்த பிழை வந்ததுதான். ஒரு ப்ளூ ஸ்கிரீனுக்கு ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுவது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

'அமைப்பைத் தெரிந்துகொள்' விதி மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை கலந்த எரிச்சல். 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்கு ஒரு டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் கையேடு உண்டு. சர்க்யூட் வரைபடம் முழுசாக, பயாஸின் அசெம்ப்ளி நிரல் வரிக்கு வரி. கையேட்டைப் படி என்று சொல்ல அன்றைக்கு ஒரு கையேடு இருந்தது. இன்று மதர்போர்டோடு வருகிற காகிதத்தில் பாதி பாதுகாப்பு எச்சரிக்கை. லேப்டாப் சர்வீஸ் செய்பவர்கள் எங்கிருந்தோ கசிந்த வரைபடக் கோப்புகளை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். பீப் சத்தமாவது இருந்தது. அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. இப்போது பல கேஸ்களில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே வருவதில்லை. பத்து, இருபது ரூபாய் சமாச்சாரம் அது. போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு எல்இடி இருந்தால் அதிர்ஷ்டம்.

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பலர் தாண்டிப் போகிற பதினான்காம் அத்தியாயம். பழுதான மெஷின் ஒரு இடத்தில், தெரிந்த ஆள் ஃபோனில். ஹெல்ப் டெஸ்க்காரரின் பாடு. குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்த ஒரே ஆளாக இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பொருந்தும். திருநெல்வேலியிலிருந்து எங்கள் சித்தப்பா கூப்பிடுவார்.

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலைப்பா."

"சித்தப்பா, பெட்டில லைட் எரியுதா?"

"எரியுது. ஃபேன் சத்தம்லாம் வருது."

"அப்ப ஆன் ஆகுது. ஸ்க்ரீன்ல ஏதாவது எழுதியிருக்கா பாருங்க."

"ஒண்ணுமில்ல... ஏதோ நோ சிக்னல்னு ஒரு பொட்டி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது."

ஒண்ணுமில்லை என்பதற்கும் 'நோ சிக்னல்' என்பதற்கும் நடுவில் பாதி வேலை முடிந்துவிட்டது. மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, அதற்கு எதுவும் வந்து சேரவில்லை. மனிதர்கள் பார்த்ததைச் சொல்வதில்லை, முடிவைச் சொல்கிறார்கள். முடிவிலிருந்து பார்த்ததைத் திரும்பக் கறப்பதுதான் அந்த அத்தியாயம் பேசுகிற திறமை. (எச்டிஎம்ஐ கேபிளை யாரோ தூசி தட்டும்போது கழற்றி, கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பதில் மதர்போர்டு பின்னால் சொருகியிருந்தார்கள்.) எல்லாரும் மேற்கோள் காட்டுகிற முதல் ஒன்பதை விட்டுவிட்டு, இந்த அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்பது என் சிபாரிசு.

ரப்பர் விஷயத்தை ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு டெக்னீஷியனிடம் கேட்டேன். தேய்க்காமல் கழற்றி மாட்டினாலே முக்கால்வாசி வந்துவிடுமே, அப்புறம் எதற்குத் தேய்க்கிறீர்கள் என்று. அவர் சிரித்தார். "தெரியும் சார். வெறுமனே கழட்டி மாட்டினா கஸ்டமர் முந்நூறு ரூபா தருவாரா?"